எட்டுப் பேர் விரும்பிக் கேட்ட பாட்டு

அன்று ரேடியோவுக்கு முன்னால் இருந்தவர்கள் ஏழு பேர். ரேடியோவுக்குச் சொந்தக்காரியான வீட்டுக்கார அம்மா ஸ்டூலில். அவர் புருஷன், வீட்டுக்காரர், ஈசிசேரில் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிற பாவனையில். என் அம்மா, மடியில் முறம். என் அக்கா, கதவுக்குப் பின்னால் பாதி, முன்னால் பாதி. கடைசி அறையில் ஒண்டியாகக் குடியிருந்த டர்னர் அண்ணன், படிக்கு வெளியே. பால்காரர், காலி கேனின் மேல் கையை ஊன்றிக் குத்துக்காலிட்டு. ஏழாவது நான். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் இருந்தது. அது அவருக்கு நல்லதாகப் போயிற்று.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில், ஒரே வாசலுக்குள் மூன்று குடித்தனம் நாங்கள். அறுபதுகளின் கடைசி. எனக்குப் பதிமூன்று வயது.

உங்களில் பலருக்கும் என் வயதுதான் இருக்கும். வால்வு ரேடியோ எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குமிழைத் திருகினால் உடனே பேசாது. முதலில் ஒரு பச்சைக் கண் மெல்ல விழிக்கும். அப்புறம் சூடான தூசி வாசனை. அதற்கும் அப்புறம்தான், எங்கோ ஒருவர் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். அதுவரைக்கும் நான் இரண்டடி தள்ளி நிற்பேன். வெடித்துவிட்டால்? எங்கேயும் ரேடியோ வெடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் தடவை என்று ஒன்று இருக்கிறதே.

அதற்கு வீட்டுக்கார அம்மா ஒரு உறை தைத்துப் போட்டிருந்தார். வெள்ளைத் துணி, சிவப்பு நூலில் இரண்டு கிளி. இரண்டாவது கிளிக்கு வால் போடுவதற்குள் நூல் தீர்ந்துவிட்டது. வாலில்லாத அந்தக் கிளியை இன்றைக்கும் என்னால் வரைய முடியும். அந்த உறை எங்கே போனது என்று கேட்க இப்போது அந்த வீட்டில் யாரும் இல்லை. வீடும் இல்லை.

அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு, மறந்திருக்க மாட்டீர்கள். வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். அந்த வருஷம் வீட்டுக்காரர் கட்டவில்லை.

"பாட்டு கேக்கறவ கட்டட்டும்" என்பார் அவர்.

"ஊட்டுக்குப் பெரிய மனுசன் நானா, நீயா?" என்பார் வீட்டுக்கார அம்மா.

அவர்கள் இருவரும் அத்தோடு அதை மறந்துவிட்டார்கள். அந்தக் கவலை முழுவதும் என்னிடம் வந்து சேர்ந்தது. பேன்ட் போட்டவர் யாராவது சைக்கிளை விட்டு இறங்கினால் போதும், லைசென்ஸ் பார்க்க வந்தவர் என்றே நினைப்பேன்.

ஏழாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. எட்டாவதுக்கு ஆவடி வரைக்கும் நடக்க வேண்டும், வயசுக்கு வந்த பெண்ணை ஏரிக்கரை வழியாகத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அக்கா அதற்கும் முன்பே நின்றவள். நாங்கள் இருவரும் மளிகைக்கடை பாய்க்குக் காகிதப் பை ஒட்டிக் கொடுத்தோம். வீட்டுக்கார அம்மாவின் ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்துகொண்டால் பையும் ஒட்டலாம், பாட்டும் கேட்கலாம். மைதாப் பசை விரலில் காய்ந்து தோல் மாதிரி உரியும். நல்ல பாட்டு வந்தால் என் கை நின்றுவிடும். அக்கா கை நிற்காது. நான் நூறு ஒட்டும் நேரத்தில் அவள் நூற்றைம்பது ஒட்டுவாள்.

அந்த வருஷம் எனக்குப் பிடித்த பாட்டுகள் பன்னிரண்டு. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். வாரத்துக்கு வாரம் இடம் மாறும். ஒன்றை மேலே ஏற்றினால் இன்னொன்றை இறக்க வேண்டும், இறக்கிய பாட்டு என்னை என்ன நினைக்குமோ என்று இருக்கும்.

பாட்டுகளின் முதல் வரியை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் பாட ஆரம்பித்துவிடுவீர்கள், நான் சொல்ல வந்தது நின்றுபோகும்.

கடைசி இடத்தில் இருந்தது ஒரு கைதட்டல் பாட்டு. கும்பலாகப் பெண்கள் பாடுவார்கள். வீட்டுக்காரர் அதை ரோதனை என்பார். ஆனால் அது ஓடும்போது ஈசிசேருக்குக் கீழே அவருடைய கால் கட்டைவிரல் மட்டும் தனியாக ஆடும். பால்காரருடைய பாட்டு ஒன்று, எட்டாவது இடம். நெமிலிச்சேரியிலிருந்து சைக்கிளில் வரும்போதே பாடிக்கொண்டு வருவார். அவருக்குத் தெரிந்தது மூன்று வரிதான். முழுப்பாட்டையும் ரேடியோவில் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நாலாவது வரியிலிருந்து அந்தப் பாட்டு வேறு எங்கோ போய்விடுகிறது. பால்காரர் நிறுத்தின இடம்தான் சரி.

மூன்றாவது இடத்தில் ஒரு தாலாட்டு. பெரும்பாலும் நிகழ்ச்சியின் கடைசியில் வரும். அது வந்தால் அம்மா முறத்தில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்ப்பாள். எனக்கு முன்னால் பிறந்து மூன்று மாதத்தில் போய்விட்ட ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்கிறாள் என்று எண்ணி, நானும் சேர்ந்து அழுதிருக்கிறேன். ரொம்ப வருஷம் கழித்து அம்மாவிடம் கேட்டேன்.

"தாலாட்டா? அது வந்துச்சின்னா பாட்டெல்லாம் முடியப்போவுதுன்னு அர்த்தம். ஷிப்டு முடிஞ்சி உங்க நைனா வர்ற நேரம், இன்னும் உலை வெக்கலியேன்னு நெனச்சிருப்பேன்" என்றாள்.

முதல் இடத்தில் ஒரு ஆண்குரல் பாட்டு. மெதுவாகப் போகும். வந்த புதிதில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஏன் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்புறம் ரேடியோவில் அதைப் போடுவதே நின்றுவிட்டது. ஒரு மாதம் பார்த்தேன், இரண்டு மாதம் பார்த்தேன். அந்தப் பாட்டை நான் கனவில் கேட்டுவிட்டு நிஜம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது.

கார்டு போடச் சொன்னவர் டர்னர் அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் மிஷின் ஓட்டினார். சட்டையெல்லாம் ஆயில் வாசனை. யாரிடமும் அதிகம் பேசாதவர்.

"பாப்பா, நேயர் விருப்பத்துக்கு ஒரு கார்டு போடேன். ஆனா பேரு நெறைய எழுதணும். ஒரு பேரு, ரெண்டு பேருன்னா ஓரங்கட்டிடுவாங்க" என்று சொல்லித் தன் இங்க் பேனாவையும் கொடுத்தார். கார்டு வாங்கி வந்து, எழுதிய பிறகு பெட்டியில் போட்டது பால்காரர்.

பெயர் சேகரிப்பதே பெரிய பாடு. வீட்டுக்காரர் பெயரை வீட்டுக்கார அம்மா சொல்ல மாட்டார், புருஷன் பெயர் ஆயிற்றே. பழைய லைசென்ஸ் புத்தகத்தைக் கொடுத்து "அதுல கீது, பாத்துக்கோ" என்றார். கார்டிலோ இடம் கொஞ்சம். நான் நடுவில் ஒரு கோடு கிழித்தேன். இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு அப்படித்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒழுங்கு அது ஒன்றுதான்.

பெண்களில் ரேடியோக்காரி என்பதால் முதலில் வீட்டுக்கார அம்மா. அடுத்து அம்மா, அப்புறம் அக்கா. ஆண்களில் முதலில் நைனா. கார்டு வாங்கின பால்காரர் இரண்டாவது. பேனா கொடுத்த டர்னர் அண்ணன், பெயருக்கு முன்னால் 'டர்னர்' என்றும் போட்டு, மூன்றாவது. ரேடியோவைத் திட்டுகிறவர் என்பதால் வீட்டுக்காரர் கடைசி. பெண்கள் பக்கம் ஒரு இடம் காலியாக இருந்தது. நியாயமாக அங்கே என் பெயர் வர வேண்டும். ஆனால் லைசென்ஸ் இல்லாத ரேடியோவைக் கேட்கிறவள் என்று என் பெயரை நானே எழுதிக் கொடுப்பேனா? மற்றவர்கள் பெரியவர்கள், சமாளித்துக்கொள்வார்கள். அதனால் அந்த இடத்தில் பூந்தமல்லி அம்மாவை எழுதினேன்.

பூந்தமல்லி அம்மா யார் என்றால், அக்காவுக்கு வரப்போகிற மாமியார். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. அதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக வந்த இடம் இது. பையன் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், குடி கிடையாது, வரதட்சணை என்று கேட்டது எதுவும் கிடையாது. அந்த அம்மா மட்டும் வந்து பெண் பார்த்துவிட்டு, "எம்புள்ள நான் சொன்னா சரின்னுவான், தை பொறந்ததும் நிச்சயம் வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பையனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இதுவும் போனால் அப்புறம் ஊரில் காரணம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று அம்மா இரவில் நைனாவிடம் சொன்னது எனக்குக் கேட்டிருக்கிறது. அந்தக் கவலையையும் நான் எடுத்துக்கொண்டேன். கார்டில் பெயர் எழுதினால் அந்த அம்மாவுக்கு எங்கள் மேல் பிரியம் வரும் என்பது என் எண்ணம். அம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. பூந்தமல்லி வழியாகப் போகிற யாரிடமாவது சொல்லி அனுப்பச் சொல்லிப் பால்காரரிடம் சொல்லிவைத்தாள்: "ஞாயித்துக்கெழமை தவறாம ரேடியோ கேக்கச் சொல்லு. அவுங்க பேரு வருது."

கார்டு எந்த வாரம் வரும் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஞாயிறும் கூடினோம். நாலாவது ஞாயிறுதான் அந்த ஏழு பேர் இருந்த ஞாயிறு.

அறிவிப்பாளர் பெண் பாட்டின் பெயரைச் சொன்னதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். "விரும்பிக் கேட்டவர்கள், பருத்திப்பட்டிலிருந்து..." என்று ஆரம்பித்தாள். எங்கள் ஊர் பெயர் ரேடியோவில்! வீட்டுக்கார அம்மா கைதட்டினார்.

அந்தப் பெண் மேலிருந்து கீழே படிக்கவில்லை. கோட்டைத் தாண்டி, இடமிருந்து வலமாகப் படித்தாள். இரண்டு பெயர், ஒரு மூச்சு. இரண்டு பெயர், ஒரு மூச்சு. கணவன் மனைவியாகச் சேர்ந்து எழுதுகிறவர்களுக்கு அப்படித்தான் படிப்பார்கள்.

முதல் மூச்சில் வீட்டுக்கார அம்மாவும் என் நைனாவும் வந்தார்கள். அம்மாவின் முறம் நின்றது. இரண்டாவது மூச்சில் அம்மாவும் பால்காரரும். பால்காரர் துள்ளி எழுந்தார்.

"தோ பாரு, எனக்கு ஒண்ணுந் தெரியாது. கார்டு வாங்கியாந்தேன், போட்டேன், அவ்ளோதான்!"

மூன்றாவது மூச்சில் அக்காவும் டர்னர் அண்ணனும். கடைசி மூச்சில் பூந்தமல்லி அம்மாவும் வீட்டுக்காரரும். ஈசிசேரில் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்தார்.

"யாரது?" என்றார்.

"அத்த நான் கேக்கணும்! யாருய்யா அவ?" என்று வீட்டுக்கார அம்மா ஸ்டூலை விட்டு எழுந்தார்.

அதற்குள் பாட்டு ஆரம்பித்திருந்தது. மூன்று மாதமாகக் காத்திருந்த பாட்டு. ஆளுக்கு ஆள் கத்தியதில் ஒரு வரிகூட எனக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் நைனா வந்தார். அம்மா வாசலிலேயே நின்றாள்.

"ரேடியோல உங்க பேரு வந்துச்சு."

"மெய்யாலுமா?" நைனாவுக்கு முகமெல்லாம் பல். "யாரு யாரு பேரோட?"

"உள்ள வாங்க, சொல்றேன்."

முதல் இரண்டு நாள் இது சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கார அம்மாவே நைனாவைப் பார்த்து "இன்னா நைனா, நம்ப பாட்டு எப்டி?" என்று கேலி செய்தார். அக்காவும் சிரித்தாள். டர்னர் அண்ணன் மட்டும் குழாயடிக்கு வருவதை நிறுத்திவிட்டார். எனக்குப் பூந்தமல்லியின் மேலேயே நினைப்பு. அங்கே அக்கம்பக்கத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டிருப்பார்களே.

செவ்வாய்க்கிழமை பூந்தமல்லி அம்மா வந்துவிட்டார். கையில் மஞ்சள் பை, முகம் கடுகடுவென்று.

"வாங்க அண்ணி, உக்காருங்க" என்றாள் அம்மா.

"உக்கார வரல. எங்க தெருவே ரேடியோ முன்னாடி உக்காந்துகினு இருந்துச்சி. நாந்தான் கூட்டி வெச்சேன், எம்பேரு வருதுன்னு. யாரு அந்த டர்னரு? உம் பொண்ணு பேரோட அவன் பேரு இன்னாத்துக்கு வருது?"

"அது தற்செயலா..."

"அது கெடக்கட்டும். எம்பேரோட யாரோ ஒரு ஆம்பள பேரு வந்துச்சே, அது யாரு? நான் தாலியறுத்து பன்னெண்டு வருசமாச்சி தெரியுமா?"

ஈசிசேரிலிருந்து வீட்டுக்காரர், "நான் பாட்டே கேக்கறதில்லீங்க" என்றார்.

அன்று நான் ஓடி ஒளியவில்லை. ஒட்டி அடுக்கியிருந்த பைகளில் ஒன்றை எடுத்தேன். கம்பெனித் தாளில் செய்த பை, வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதன் மேல் கார்டில் எழுதிய மாதிரியே கோடு கிழித்து, எட்டுப் பெயரையும் எழுதி, தலைப்பில் 'பெண்கள்', 'ஆண்கள்' என்றும் போட்டு அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"பாருங்க. நான் இப்டி எழுதினேன். அவுங்க அப்டி படிச்சிட்டாங்க."

அவர் அந்தப் பையைப் பார்க்கவே இல்லை. "எனக்குப் படிக்கத் தெரியாதுடி பொண்ணே. ரேடியோல சொன்னதத்தான் நான் கேட்டேன்" என்றார்.

அவ்வளவுதான். என்னிடம் இருந்த ஒரே சாட்சி செல்லாமல் போனது.

அந்த அம்மா கிளம்பினார். சம்பந்தம் வேண்டாம் என்று வாயால் சொல்லவில்லை, "ஆளு அனுப்பிச் சொல்றேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சண்டைக்கு வந்தவராக இருந்தாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது அம்மாவின் பழக்கம். கண்ணில் தண்ணீரோடு, கைக்குக் கிடைத்த ஒரு பையில் கொய்யாப்பழம் ஏழெட்டைப் போட்டு அவர் மஞ்சள் பைக்குள் திணித்தாள். கைக்குக் கிடைத்த பை, நான் எழுதின பை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் விசாரணை நடந்தது.

"பேனா யாரு குடுத்தது?" என்று கேட்டார் நைனா.

"டர்னர் அண்ணன்."

"கார்டு போடச் சொன்னது?"

"அவருதான். ஆனா பேரு எப்டி எழுதணும்னு அவரு..."

"போதும். ஏயாங் கிளாஸ் படிச்ச பொண்ணுக்கு எங்கேந்து வரும் இந்த யோசன? எல்லாம் அவன் வேல."

நான் எத்தனையோ தடவை சொன்னேன். கோடு போட்டது நான், பெஞ்சு ஞாபகத்தில் போட்டேன் என்று. "நீ சும்மா கெட" என்றார்கள். இப்போது நினைத்தால் புரிகிறது. ஒரு சிறு பெண்ணின் கோட்டால் சம்பந்தம் போயிற்று என்று ஊரில் சொல்ல முடியாது. ஒரு ஆள் கெடுத்தான் என்றால் சொல்லலாம். வீட்டுக்காரர் டர்னர் அண்ணனை அறையைக் காலி பண்ணச் சொன்னார். வியாழக்கிழமை காலை அவர் சைக்கிள் கேரியரில் டிரங்குப் பெட்டியை வைத்துக் கட்டினார். நான் பேனாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பாட்டு போட்டாங்க இல்ல பாப்பா? அப்புறம் இன்னா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கார அம்மா வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. பேன்ட், முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. கையில் ஒரு காகிதம். அதைப் பார்த்துப் படித்தார்: வீட்டுக்கார அம்மா பெயர், என் அம்மா பெயர், அக்கா பெயர்.

"இவுங்க எல்லாம் இந்த ஊடுதானா?"

லைசென்ஸ்காரர்! பெயர் பட்டியலோடு வந்துவிட்டார்!

"இங்க ரேடியோவே இல்ல சார்" என்றேன்.

உள்ளே கைதட்டல் பாட்டு உச்சத்தில் இருந்தது. அவர் கொஞ்சம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அப்ப இது?"

"அது... பக்கத்து ஊடு."

"பக்கத்துல ஏரிதானே கீது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அவசரமாகக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். பிரித்த காகிதப் பை. என் கையெழுத்து. கொய்யாப்பழக் கறை.

"அழாத. நான் பூந்தமல்லிலேந்து வரேன். இது எங்கம்மா கொண்டாந்த பை. இத நீ எழுதினியா? கோடு போட்டு?"

தலையை ஆட்டினேன்.

"நானும் ஸ்டோர்ல இப்டித்தான் கோடு போட்டு எழுதுவேன். வந்த சாமான் ஒரு பக்கம், போன சாமான் ஒரு பக்கம். பாத்த ஒடனே புரிஞ்சிபோச்சி" என்றார். பிறகு, அவர் அம்மாவிடம் என்ன சொன்னார் என்பதையும் சொன்னார்: "'அந்தப் பொண்ணுக்கும் டர்னருக்கும் இருக்குதுன்னா, ஒனக்கும் அந்த ஊட்டுக்காரருக்கும் இருக்குது. மொதல்ல அத இன்னான்னு சொல்லு'ன்னேன். கரண்டிய தூக்கி அடிச்சிடுச்சி. அப்புறம் சிரிச்சிடுச்சி."

பேச்சுச் சத்தம் கேட்டு அம்மா வந்தாள். மாப்பிள்ளை என்று தெரிந்ததும் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவருக்கு ஸ்டூல் வந்தது, கலர் சோடா வாங்க ஆள் ஓடியது. அக்கா கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சிக்கணும், அதுக்குத்தான் வந்தேன். அந்தப் பாட்டு வேணும்னு சொன்னது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எம் பெரிய பொண்ணுதாங்க! அவளுக்கு அந்தப் பாட்டுன்னா உசுரு. சோறு தண்ணி வேணாம்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வருஷம் வந்ததிலேயே அவருக்கும் அதுதான் முதல் பாட்டாம். கம்பெனியில் யாரிடம் சொன்னாலும் தூக்கம் வருகிற பாட்டு என்கிறார்களாம். கதவுப் பக்கம் பார்த்து, ரொம்பக் கூச்சத்தோடு கேட்டார்.

"அதுல ஒனக்கு எந்த எடம் புடிக்கும்?"

இந்த இடத்தில் அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அந்தப் பாட்டு நின்றுவிடும். வாத்தியம், குரல் எல்லாம் சட்டென்று நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எண்ணும் வரை ஒன்றுமே இருக்காது. அதற்கப்புறம் ஒற்றை வயலின் மட்டும் வரும். முதல் தடவை கேட்டபோது ரேடியோ போய்விட்டது என்று வீட்டுக்கார அம்மா அதன் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சரியாக அப்போது வயலின் வந்தது. அந்த நாலு எண்ணிக்கைக்காகத்தான் நான் மூன்று மாதம் தவித்தேன்.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் அவள் பை ஒட்டிக்கொண்டிருந்தாள். பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். யாரும் பேசவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றாள்.

அவர் விரலை மடக்கி எண்ணினார். நாலு முடிந்ததும் தொடையில் தட்டினார்.

"அதேதான்! அந்த நிக்கிற எடம்! நீ சொல்லாமயே சொல்லிட்ட பாரு!"

தை பிறந்து நிச்சயம், மாசியில் கல்யாணம். பூந்தமல்லி அம்மாவும் வீட்டுக்காரரும் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். டர்னர் அண்ணனைத் திரும்பக் கூப்பிட யாரும் போகவில்லை. எனக்கு அவர் பட்டறையின் பெயர்கூடத் தெரியாது. அவர் மேல் தப்பில்லை என்று ஊருக்குத் தெரிந்த பிறகாவது நைனா போயிருக்கலாம். "விடு, அவனுக்கு வேற ரூம் கெடச்சிருக்கும்" என்றார்.

மாமா நல்ல மனிதர். ஐம்பது வருஷத்துக்கு மேல் அக்காவை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. கல்யாணத்தன்று மைக்செட்டில் அந்தப் பாட்டு நாலு தடவை ஓடியது. கல்யாணக் கடன் தீர்ந்ததும் டிரான்சிஸ்டர் வாங்கினார். அப்புறம் டேப் ரிக்கார்டர், அப்புறம் சிடி, இப்போது போன். எது வாங்கினாலும் முதல் பாட்டு அதுதான். "உங்கக்கா பாட்டு" என்று என்னிடமே சொல்லுவார். நானும் ஆமாம் மாமா என்பேன். அந்தப் பாட்டு என்னிடமிருந்து போய்விட்டது. அதில் எனக்குச் சங்கடம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிட, மாமாவுக்கு என்றைக்காவது உண்மை தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் அதிகம். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

போன மாதம் பூந்தமல்லிக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து மாமா அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு, வயலின் வருவதற்கு முன்பே குறட்டை விட ஆரம்பித்தார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, ஒனக்கு மெய்யாலுமே இந்தப் பாட்டு புடிக்குமா?"

மாமா தூங்குகிறாரா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"சுத்தமா புடிக்காதுடி. யாரோ செத்த ஊட்ல உக்காந்துகினு கீற மாதிரி இருக்கும்."

"அப்போ இத்தினி வருசமா?"

"அவருக்குப் புடிக்குதில்ல. அவரு பாவம், நமக்குப் புடிச்சது அவளுக்கும் புடிச்சிருக்குதுன்னு அவ்ளோ சந்தோசம். அத இன்னாத்துக்குக் கெடுக்கணும்?"

"சரி, ஒனக்குப் புடிச்ச பாட்டு எது? அந்த வருசத்துல?"

அக்கா கையில் கீரையோடு அப்படியே இருந்தாள். பை ஒட்டும்போதுகூட நிற்காத கை.

"யாரும் கேட்டதில்லியே. யோசிச்சி வெக்கல" என்றாள்.

நான் கேட்டிருக்க வேண்டும். ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பசையைத் தொட்டுக்கொண்டு, பன்னிரண்டு பாட்டை மேலும் கீழும் மாற்றி எழுதியவள் நான். பக்கத்தில் இருந்தவளிடம் உன்னுடையது எது என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை.

பஸ் ஏற்றிவிட வந்தபோது, "இரு, யோசிச்சி சொல்றேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

நேற்று போன் வந்தது. எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை.

"ரெண்டு பாட்டுல வந்து நிக்கிதுடி. ஒண்ணு இன்னிக்கி மேல இருக்குது, நாளைக்கி இன்னொண்ணு மேல வந்துடுது. இன்னா பண்றது?"

எது எது என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். நீ கார்டு போட்டுடுவே" என்று வைத்துவிட்டாள்.